ஊரில்லாதவனின் சுதந்திரம்

(பொத்துவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் ஒரு வீடியோ கேம். அதுவும் கள்வனாகவும் கொலைகாரனாகவும் இருந்து ஆடுகிற கேம். பொத்துவிலில் ஒரு பொதுமேடையில் பேச இதுதானா கிடைத்தது என்று சிலருக்குத் தோன்றும். கணக்கைச் சொல்கிறேன். 'கிராண்ட் தெப்ட் ஓட்டோ' என்ற வரிசையின் ஐந்தாவது கேம் 2013 செப்டம்பரில் வெளியானது. மூன்றே நாளில் அது நூறு கோடி அமெரிக்க டொலருக்கு விற்றது. இதுவரை இருபது கோடிக்கும் மேலான பிரதிகள் போயிருக்கின்றன; இலங்கையின் மொத்தச் சனத்தொகையைப் போல ஒன்பது மடங்கு அது. அதே வரிசையின் ஆறாவது கேமுக்கு முதல் முன்னோட்டம் 2023 டிசம்பரிலும் இரண்டாவது 2025 மே மாதத்திலும் வந்தன. 2025இல் வரவேண்டியது 2026 மே 26க்குத் தள்ளிப்போனது. அங்கிருந்து நவம்பர் 19க்குத் தள்ளிப்போனது. இத்தனை காத்திருப்பு ஒரு சினிமாவுக்கும் இல்லை, ஒரு நூலுக்கும் இல்லை. நம் பிள்ளைகளும் அந்தக் காத்திருப்பில் இருக்கிறார்கள். ஆகவே அது என்ன சாமான் என்று பெரியவர்கள் விளங்கிக்கொள்வது வீண் வேலையாகாது. முன்னோட்டங்கள் காட்டும் முதல் தோற்றத்தையும், முந்தைய கேம்களின் அமைப்பையும் வைத்து ஒரே ஒரு கருத்தை மட்டும் உங்கள் முன் நிறுவப் பார்க்கிறேன். இந்த கேம்கள் இளைஞனை இழுப்பது துப்பாக்கியால் என்று நினைக்கிறோம். உண்மையில் அவனை இழுப்பது, தன்னை ஒருவருக்கும் தெரியாத ஓர் ஊரில் நடமாடும் சுதந்திரம். நமது ஊர்கள் அவனுக்குக் கொடுக்காத ஒன்று அது.

முதலில் இந்த 'திறந்த உலகம்' என்ற அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய கேம்களில் ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். இதில் ஒரு முழு நகரமே உங்கள் முன்னால் கிடக்கிறது. தெரு, கடற்கரை, பாலம், கடை, போகிற வருகிற சனம், மழை, இரவு, எல்லாம் உண்டு. கதையில் கொடுத்த வேலையைச் செய்யலாம். செய்யாமல் சும்மாவும் சுற்றலாம். வரிசையின் முதல் கேமை 1997இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்தில் ஒரு சிறிய நிறுவனம் செய்தது. அதில் நகரத்தை மேலேயிருந்து பார்க்கத்தான் முடிந்தது. 2001இல் வந்த மூன்றாவது கேம்தான் ஆடுபவனைத் தெருவில் இறக்கிவிட்டது. அந்தக் கதாநாயகன் கேம் முழுவதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் பெயரையும் அந்தக் கதை சொல்வதில்லை. தாய் இல்லை, தகப்பன் இல்லை, ஊர் இல்லை. காதலி ஒருத்தி இருந்தாள். கதையின் தொடக்கத்திலேயே அவனைச் சுட்டுவிட்டுப் போய்விடுகிறாள். உலகம் முழுவதும் ஒரு தலைமுறையே இந்தப் பெயரில்லாத ஊமைக்குள் நுழைந்து லிபர்ட்டி சிட்டி என்ற கற்பனை நகரத்தில் உலாவியது. பேசாத, பெயரில்லாத, உறவில்லாத ஒருவனாக இருப்பதில் இத்தனை பேர் சுகம் கண்டது சிந்திக்க வேண்டிய சங்கதி.

அடுத்து, அந்த நகரத்தின் சட்டத்தைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு குற்றம் செய்தால் திரையின் மூலையில் நட்சத்திரம் எரியும். ஒரு நட்சத்திரத்துக்குப் பொலிஸ்காரர் வருவார்; மூன்றுக்கு ஹெலிகொப்டர் வரும். பழைய கேம்களில் வாகனத்தை ஒரு பெயின்ட் கடைக்குள் விட்டு நிறம் மாற்றினால் நட்சத்திரம் அணைந்துவிடும். பிந்தியவற்றில் பொலிஸார் தேடும் வட்டத்தைவிட்டு வெளியேறிக் கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தால் போதும். பிறகு அதே பொலிஸ்காரர் உங்கள் பக்கத்தால் நடந்துபோவார். உங்களை அவருக்குத் தெரியாது. செத்துப்போனால் ஆஸ்பத்திரி வாசலில் எழும்புவீர்கள், சட்டைப் பையில் கொஞ்சக் காசு குறைந்திருக்கும். பிடிபட்டால் பொலிஸ் நிலைய வாசலில் நிற்பீர்கள். வழக்கு இல்லை, பிணை இல்லை, தவணை இல்லை. நீங்கள் வண்டியால் இடித்துத் தள்ளிய மனிதனின் மகன் உங்களைத் தேடி வரமாட்டான். அவனுக்கு மகனே கிடையாது. தெருவில் போகும் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் வீட்டில் ஆள் இல்லை. அங்கே பெரும்பாலான கதவுகளும் திறவா. சுருங்கச் சொன்னால், இந்த நகரத்துக்கு ஞாபகம் இல்லை. ஆடுபவனுக்குக் கிடைக்கும் சுதந்திரம் முழுவதும் அந்த மறதியிலிருந்து வருகிறது.

இப்போது நமது கரைக்கு வருவோம். பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று வடக்கே போகும் பாதையில் எந்த ஊரில் இறங்கினாலும் ஓர் இளைஞனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "நீ ஆர்ர மகன்?" பெயர் பிறகுதான். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழியாக வரும் குடி அமைப்பும், பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் இருந்த வழக்கமும் அறிஞர்கள் விரிவாகப் பதிவு செய்தவை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்து 2008இல் ஒரு பெருநூலே வெளியிட்டார். திருமணமானதும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். அக்கா தங்கையின் வீடுகள் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் எழும்புகின்றன. ஆகவே ஒரு தெரு என்பது பல இடங்களில் ஒரு தாயின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். இப்படிப்பட்ட தெருவில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால், அவன் வீட்டுக்கு வந்துசேர முன்னமே செய்தி சாச்சி வழியாக உம்மாவுக்குப் போய்விடும். இங்கே நட்சத்திரம் அணைவதில்லை. இருபது வருடத்துக்கு முன் தகப்பன் செய்ததையும் சேர்த்தே மகனின் கணக்கு எழுதப்படுகிறது. இந்தப் பையன் மாலையில் கைத்தொலைபேசியில் அதே வரிசையின் பழைய கேமான சான் அன்ட்ரியாஸைத் திறக்கும்போது அவனுக்குக் கிடைப்பது என்ன? ஒரு மணி நேரம் ஒருவருக்கும் மகனாகவோ மருமகனாகவோ இல்லாத நிலை. துப்பாக்கி அதற்குப் போட்ட மேலுறைதான்.

இதற்கு ஒருவர் உடனே மறுப்புச் சொல்லலாம்: இந்த கேம்களில் குடும்பமே இல்லையென்பது சரியா? 2004இல் வந்த சான் அன்ட்ரியாஸ் தாயின் மையத்து வீட்டுக்கு மகன் திரும்பி வருவதில்தானே தொடங்குகிறது? அண்ணன் இருக்கிறான், தங்கை இருக்கிறாள், பிறந்து வளர்ந்த தெரு இருக்கிறது. ஐந்தாவது கேமில் ஒரு நாயகனுக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. உண்மை. ஆனால் கதை வேறு, ஆட்டம் வேறு. கதைக் காட்சியில் அண்ணன் கோபிப்பான், தம்பி தலைகுனிவான். காட்சி முடிந்து கட்டுப்பாடு ஆடுபவன் கைக்கு வந்தவுடன் அதே தெருவில் என்ன அட்டகாசம் செய்தாலும் அந்த அண்ணனுக்கு அது தெரியாது. அடுத்த காட்சியில் ஒன்றும் நடவாததுபோலப் பேசுவான். ஒரு முறை இந்த வரிசை உறவை ஆட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து பார்த்தது. 2008இல் வந்த நான்காவது கேமில் நாயகன் நிக்கோவுக்கு ரோமன் என்றொரு மச்சான். அவன் அடிக்கடி ஃபோன் எடுத்து, வா பந்துருட்டி விளையாடப் போவோம் என்று கூப்பிடுவான். போகாவிட்டால் மனம் கோணுவான். உலகம் முழுவதும் ஆடுபவர்கள் இதைச் சகிக்கவில்லை. ரோமனின் அழைப்பு இன்றுவரை அவர்களிடையே கேலிக்கதையாக ஓடுகிறது. ஆளைச் சுடுவதில் தொந்தரவு காணாதவர்கள் மச்சான் ஃபோன் எடுப்பதில் தொந்தரவு கண்டார்கள். எனது வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை: அந்த நகரத்துக்குப் போனவர்கள் மச்சானிடமிருந்து தப்பத்தான் போனார்கள்.

இன்னொரு மறுப்பும் உண்டு. இந்த வரிசையை வெளியிடும் நிறுவனமே 2018இல் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற கேமில் குற்றத்தைக் கண்ட சாட்சி ஓடிப்போய்ப் பொலிஸாருக்குச் சொல்வான்; ஒவ்வொரு மாநிலத்திலும் உங்கள் தலைக்கு விலை எழுதப்படும், அது தானாக அழியாது; நல்லவன் கெட்டவன் என்ற பெயர் உங்கள் கூடவே வரும். அப்படியிருந்தும் அது கோடிக்கணக்கில் விற்றதே? விற்றது, அந்த கேமின் அழகும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அங்கும் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளலாம். தலைவிலையைத் தபால் நிலையத்தில் காசு கட்டித் தீர்க்கலாம். ஞாபகம் கடனாக மாற்றப்பட்டது; கடன் காசால் அடைபட்டது. பெயர் கெட்டுப்போவது என்றால் என்னவென்று அறிந்த ஒரு சமூகத்துக்கு, அது காசால் தீராத கடன் என்று சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, துப்பாக்கியைப் பற்றிய பயம் முழுவதும் ஆதாரமற்றதா? பெற்றோரின் கேள்வி நியாயமானது. பதிலையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 2019இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் நெட்டா வைன்ஸ்டைனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் 14, 15 வயதுடைய ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள் அதில் இடம்பெற்றார்கள். எந்த கேம் வன்முறையானது என்பதைப் பிள்ளைகளிடம் கேட்காமல் உத்தியோகபூர்வ வயதுத் தரத்தை வைத்தும், பிள்ளையின் நடத்தையைப் பெற்றோரிடம் கேட்டும் அளந்தார்கள். வன்முறை கேமுக்கும் பிள்ளையின் மூர்க்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தியபோது, பாரதூரமான வன்செயலுக்கு கேம்களைக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்றது. ஆனால் கத்துதல், தள்ளுதல் போன்ற சிறிய மூர்க்கத்தோடு ஒரு சிறிய தொடர்பு இருப்பதாகவும் சொன்னது. ஆகவே ஒன்றும் ஆகாது என்று கைகழுவவும் இடமில்லை, கேம் ஆடியவன் கொலைகாரனாவான் என்று பதறவும் இடமில்லை. இந்த வரிசை பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கென்று தரமிடப்பட்டது. பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்கும் இடங்களும், கொச்சைப் பேச்சும், போதைப்பொருள் வியாபாரமும் அதில் நிறைய. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை, ஒரு தாயின் புத்தி போதும். கள்ளப் பிரதியில் வயது அடையாளம் இருக்காது என்பதால் அந்தப் பொறுப்பு வீட்டுக்கே வந்துசேர்கிறது. நான் பேசுவது வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி.

அவர்களிடம் நேராகவே ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருவருக்கும் தெரியாதவனாக இருப்பது இந்தக் கரையில் எப்போதும் சுதந்திரமாக இருந்ததில்லை. யுத்தகாலத்தில் சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்தப்பட்டவனுக்கு, இவன் இன்னாரின் மகன், எனக்குத் தெரியும் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அது உயிருக்குச் சமம். தெரியாதவன் என்றால் சந்தேகநபர். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்துக் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டார்கள். அந்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது ஐயம் கொண்டு விசாரித்து, தகவலைக் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்களே. அடையாளமில்லாமல் ஒளிந்திருக்க வந்தவர்களை ஊரின் விசாரிப்பு வெளியே இழுத்தது. இன்னும் எத்தனை உயிர்கள் அதனால் தப்பின என்று கணக்கிட முடியாது. கேமின் நகரத்தில் அப்படியொரு அயலவன் இல்லை. அந்த நகரம் நமக்குச் சுகமாகத் தோன்றுவது நாம் அங்கே குற்றவாளியின் பக்கம் நிற்பதால். அங்கே தெருவில் போகும் சாதாரண ஆளாக ஒரு நாள் வாழவேண்டுமென்றால் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள்.

ஆனால் இதையே மறுபக்கமாகத் திருப்பி, ஆகவே ஊரின் கண் நல்லது, பிள்ளைகள் அதற்குக் கீழ்ப்படியட்டும் என்று முடித்தால் அதுவும் அநியாயம். ஊரின் கண் எல்லார் மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. பையன் இரவு பத்து மணிக்கு அறுகம்பைப் பாலத்தடியில் நின்றால் ஒரு புத்திமதியோடு போகும். பெண்பிள்ளை மாலை ஆறு மணிக்குத் தனியாகக் கடைக்குப் போனால் அது பேச்சாகும், பேச்சு கலியாணம் வரைக்கும் துரத்தும். அக்கறைக்கும் வேவுக்கும் இடையிலுள்ள வேலி நமது தெருக்களில் பல இடங்களில் விழுந்துகிடக்கிறது. மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை உலகத்தின் பல திசைகளிலிருந்து அலைச்சறுக்க வருபவர்கள் அறுகம்பையில் நடமாடுகிறார்கள். சில கிலோமீற்றருக்கு அப்பால் பிறந்த பிள்ளை தன் ஊரில் நடமாடுவதைவிட இலேசாக, அந்நியர் அந்த ஊரில் நடமாடுகிறார்கள். அவர்களிடம் யாருடைய மகன் என்று கேட்பார் இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்த்து வளர்கிற பிள்ளை, அந்நியனாக இருப்பதுதான் சுதந்திரம் என்று எண்ணுவதில் வியப்பென்ன? கேம் அந்த எண்ணத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற எண்ணத்துக்கு அது ஒரு நகரத்தைக் கட்டிக்கொடுக்கிறது.

இனிப் புதிய கேமின் முதல் தோற்றத்துக்கு வருகிறேன். களம் வைஸ் சிட்டி, அதைச் சுற்றியுள்ள லியோனிடா என்ற மாநிலம். மயாமியையும் புளோரிடாவையும் பார்த்துச் செய்தவை. நாயகர் இருவர்: ஜேசன், லூசியா. முப்பரிமாணத்துக்கு மாறிய பிறகு இந்த வரிசையின் முதன்மைக் கதையில் ஒரு பெண் நாயகியாக வருவது இதுவே முதல் தடவை. அவள் சிறையிலிருந்து வெளியே வருகிறாள். குடும்பத்துக்காகச் சண்டை போட்டே சிறைக்குப் போனவள் என்கிறது நிறுவனத்தின் அறிமுகம். ஆக, பெயரில்லாத ஊமையைத் தெருவில் இறக்கிய வரிசை இருபத்தைந்து வருடம் கழித்து, குடும்பத்துக்காகச் சிக்கலில் மாட்டிய ஒருத்தியிடம் வந்து நிற்கிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. முதல் முன்னோட்டத்தின் கணிசமான பகுதி கைத்தொலைபேசியில் எடுத்த காணொளிகளின் வடிவில் இருக்கிறது. கடைக்குள் முதலை நுழைவதை ஒருவர் படம் பிடிக்கிறார். கடற்கரையில், கார்க் கூரையில், சேற்றில் ஆடுவதை யார்யாரோ படம் பிடித்துப் போடுகிறார்கள். கீழே பார்த்தவர்களின் கருத்துகள் ஓடுகின்றன. முந்தைய நகரங்களில் சனம் கண்டதையெல்லாம் மறந்து போய்க்கொண்டிருந்தது. இந்த நகரத்துச் சனம் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து நிற்கிறது. ஆட்டத்தின் விதிக்குள் அது எவ்வளவு தூரம் நுழையும் என்பதை கேம் வெளியானபின்தான் பேசமுடியும். ஆனால் நகரம் என்றால் என்ன என்ற கற்பனை மாறிவிட்டது என்பது இந்த முதல் தோற்றத்திலேயே தெரிகிறது. ஒருவருக்கும் தெரியாமல் நடமாடும் பெருநகரம் இனி இல்லை. அதைக் கட்டி விற்றவர்களே அதைக் கைவிடத் தொடங்கிவிட்டார்கள்.

இதன் பொருள் நமக்கு முக்கியமானது. மயாமியைப் போன்ற நகரமும் இப்போது எல்லாரும் எல்லாரையும் பார்க்கிற சிற்றூராகிவிட்டது. ஆனால் அது சிற்றூரின் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்ட சிற்றூர். பார்க்கிற கண் இருக்கிறது, பொறுப்பேற்கிற உறவு இல்லை. பதிவு இருக்கிறது, மன்னிப்பு இல்லை. நமது தெருவில் தவறு செய்த பையனைக் கண்டித்த அதே சாச்சாதான் அவனுக்காகப் பொலிஸ் நிலையத்துக்கும் போவார். கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்த அந்நியன் போகமாட்டான். நமது இளைஞர்களின் கையிலும் அதே கைத்தொலைபேசி இருக்கிறது. ஒருவன் வீழ்வதைப் படம் எடுத்துப் பகிர்வது இங்கேயும் பழக்கமாகிவருகிறது. கேமில் நடக்கும் கொள்ளையைவிட இதைப் பற்றி நாம் அதிகம் பேசவேண்டும். கொள்ளையடிக்க எந்தப் பிள்ளையும் நாளைக்குப் போகப்போவதில்லை. இன்னொருவரின் மானத்தைப் பகிரும் பொத்தான் இன்றிரவே அவன் விரலடியில் இருக்கிறது.

இறுதியாக, இது வெறும் விளையாட்டுத்தானே, இத்தனை விசாரம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். விளையாட்டு என்பதால்தான் கேட்கிறேன். கடமையாகச் செய்வதில் மனிதனின் ஆசை தெரியாது; ஓய்வில் எதைத் தெரிவுசெய்கிறான் என்பதில் தெரியும். ஆகவே பெற்றோர்களிடம் என் வேண்டுகோள்: புதிய கேம் வரும்போது வளர்ந்த பிள்ளையிடமிருந்து அதைப் பறிக்காமல், அந்த நகரத்தில் உனக்கு எது பிடித்திருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். சும்மா சுற்றுவது என்று பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதிலை ஊர் மன்றங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் பிரதேச சபையும் கேட்கவேண்டும். விசாரணைக்கு ஆளாகாமல் உட்கார ஒரு வாசிப்புக்கூடம், இரவு எட்டு மணி வரை வெளிச்சமுள்ள ஒரு மைதானம், பெண்பிள்ளைகள் பேச்சுக்கு ஆளாகாமல் நடக்க ஒரு கடற்கரைப் பாதை: இவை பெரிய திட்டங்கள் அல்ல, கொஞ்சக் காசும் நிறைய மனதும் தேவைப்படுபவை. கேமைத் தடை செய்வது இவற்றைவிட இலேசு, பயன்தான் இல்லை. தன்னை அறிந்த ஊரிலேயே மூச்சு விட இடம் கிடைக்கிற இளைஞன் அந்தத் திரை நகரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவான். இடம் கிடைக்காதவன் அங்கேயே குடியிருப்பான். அந்த இடத்தை உண்டாக்கும் வேலை கேம் செய்பவர்களுடையது அல்ல, நம்முடையது.